அக்கா பேரில் என் முகம்

விழுப்புரத்தில் பாஸ்போர்ட் கவுண்டரில் அக்கா பத்து விரலையும் கண்ணாடிமேல் பதித்தாள். கேமராவைப் பார்த்தாள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அதனால் துணைக்கு என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த அதிகாரியம்மா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேர்ல, இதே பிறந்த தேதியில ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கேம்மா."

"எனக்கேதுங்க? நான் மெட்ராசே ரெண்டு தரம்தான் போயிருக்கேன்."

திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் நான் இருந்தேன். இருபத்துநாலு வயசில் எடுத்த போட்டோ. அக்கா திரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அந்த வயசில் நான் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போக வேண்டியிருந்தது. முப்பது ஆகாத பொம்பளையை அனுப்ப மாட்டார்கள். கூட்டேரிப்பட்டில் கடை வைத்திருந்த ஏஜென்ட், "அக்கா கார்டை எடுத்துக்கினு வா" என்றான். ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை எல்லாம் அக்காவுடையது. போட்டோ மட்டும் என்னுடையது. அக்காவுக்குத் தெரியும். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அங்கே இறங்கியதும் என் விரல்களைப் பதித்தார்கள், முகத்தைப் படம் பிடித்தார்கள். ஒன்பது வருஷம் அக்கா பேருக்குத்தான் திரும்பினேன். ஊருக்கு வந்த பிறகும் யாராவது அக்காவைக் கூப்பிட்டால் என் தலை திரும்பும். பாஸ்போர்ட் காலம் முடிந்தது. அதோடு எல்லாம் அழிந்துபோகும் என்று நினைத்தோம், இரண்டு பேரும்.

நான் அனுப்பியதில்தான் அக்கா மகள் நர்ஸ் படித்தாள். இப்போது அவளும் குவைத்தில். ஏழு மாசம். தலைப்பிள்ளை. மாமியார் இல்லை. புருஷன் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். அக்கா போயாக வேண்டும். எல்லாவற்றையும் அதிகாரியம்மாவிடம் சொன்னோம்.

"இங்க நாங்க சரி பண்ணாலும், அங்க ஏர்போர்ட்ல உங்க பேருக்கு இவங்க ரேகை, இவங்க முகம்தான் வரும். நீங்க போய் நின்னா வேற ஆளுன்னு சொல்லிடுவாங்க" என்றார் அவர். பழைய பாஸ்போர்ட்டோடு வந்து நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

திண்டிவனம் பஸ் ஏறினோம். அக்கா கூட்டேரிப்பட்டில் இறங்கினாள். நானும் இறங்கினேன். ஏஜென்ட் கிழவனாகியிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னும் ஒரே பேர்லதான் குடும்பம் நடத்திக்கினு இருக்கீங்களா?"

"வழி இருந்தா சொல்லு. பேஜாரு பண்ணாத" என்றாள் அக்கா.

"வழி இன்னா வழி. சின்னதையே அனுப்பு யக்கா. அதே பேரு, அதே மூஞ்சி. மிஷினு வுட்டுடும். பழச புதுப்பிச்சா ஜல்தியா வந்துடும்."

அக்கா வெளியே வந்து ரோட்டோரம் நின்றாள்.

"போறியாடி?"

"போனா அந்தப் பேரு எனக்கே ஆயிடும். நீ எப்பவுமே போவ முடியாதுக்கா."

"பொண்ணுக்கு ஒரு ஆளு வேணும். நான் போனா இன்னா, நீ போனா இன்னா."

ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டோம்.

அடுத்த வாரம் அக்காவிடம் சொல்லாமல் விழுப்புரம் போனேன். பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒருவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். என் சொந்தப் பேரை எழுதக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

போலீஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து விசாரித்தது. தெருவே பார்த்தது. அக்கா திட்டவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குள் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பெண். கூட வேலை செய்கிற கேரளத்து நர்ஸ் ஒருத்திதான் லீவு போட்டுக் கூட இருந்தாளாம். மூன்றாம் நாள் பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அதையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அக்கா பேர், அக்கா முகம். குவைத்தில் அந்தப் பேரிலிருந்து என் ரேகையை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, அதுவரை அக்கா போக முடியாது.

போன வாரம் அக்கா மகள் போனில் குழந்தையைக் காட்டினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது அவளுக்கு.

"நீயாவது வந்திருக்கலாம் இல்ல சின்னம்மா" என்றாள்.

"வந்திருக்கலாம்" என்றேன்.

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.