மீனுக்குப் போட்ட அம்மை

பெரம்பலூர் வீட்டில், நீர்ச்செடிகள் வைத்த என் மகளின் தொட்டி மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டது. மருந்தில் செடிகள் கருகிவிடும் என்பதால் மீன்களை மட்டும் வாளிக்கு மாற்றி மருந்து விட்டேன். தண்ணீரில் மருந்தின் நீலம் பரவியபோது, நான் சிறுவயதில் வளர்ந்த உடையார்பாளையம் வீடு நினைவுக்கு வந்தது.

அங்கே எங்கள் தொட்டி மீன்களின் மேலும் உப்புத்தூள் போல இதே புள்ளிகள் இருந்தன. அப்பா வாங்கி வந்த மருந்தை அம்மா ஊற்ற விடவில்லை.

"அம்மை போட்டிருக்குங்க. மருந்து ஊத்தினா ஆத்தா கோவிச்சுக்குவா."

"மீனுக்கு ஏதுடி அம்மை?" என்றார் அப்பா. ஆனாலும் மருந்தை அலமாரியில் வைத்துவிட்டார்.

அம்மா தொட்டிமேல் வேப்பிலை செருகினார். நான்காம் நாள் ஆறு மீன்களும் செத்து மிதந்தன.

அடுத்த மாதம் தம்பிக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டது. வாசலில் வேப்பிலையைக் கட்டிய கையோடு அம்மா அப்பாவிடம் சொன்னார்: "புள்ளையத் தூக்குங்க. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."