பசுவுக்கு முந்திப் பதில் சொல்கிறவள்

அனாயீயின் முழங்கால் ஆடுகிறது, அதோடு மேசையும், மேசைமேல் மடிக்கணினியும் ஆடுகின்றன. அவளுக்குப் பதினான்கு வயது. டக்குவரெம்போ ஊர்ப் பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார யாருக்கும் விருப்பமில்லை. தாமதமாக வந்த வகுப்புத் தோழன் நேபருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

"பூகம்பமாடீ? கொஞ்சம் நிறுத்தேன்."

"குதிரையில போனதே இல்லையா நீ? புடிச்சு உக்காரு."

கேள்வி பாதியில் இருக்கும்போதே பதிலை வீசிவிடுவாள். கை தூக்கி அனுமதி கேட்கும் வழக்கமே கிடையாது. பேருந்தில் யாராவது ஓட்டுநரிடம் வழி கேட்டால், கடைசி இருக்கையிலிருந்து இவள் குரல் வரும். அப்படிப்பட்டவளுக்கு உயிரியல் ஆசிரியை மிர்த்தா வைத்த தேர்வு இது: படித்ததைக் கற்றுக்கொடுத்து ஆளுக்கொரு சாட்பாட் செய்ய வேண்டும். கேள்விக்கு அதுதான் பதில் எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது எனலாம், உளறக்கூடாது. செய்தவர் அனுமதியின்றி வாய் திறந்தால் தோல்வி. தோற்றால் பிப்ரவரியில் மறுதேர்வு. அந்த ஊரில் அப்போதுதான் கோடை விடுமுறை; படிக்க உட்கார்ந்தால் அப்பாவோடு பண்ணைக்கு மாடு ஓட்டப் போக முடியாது.

அனாயீ செய்தது ஒரு பசு. பெயர் புள்ளிக்காரி. தன் இரைப்பையின் நான்கு பைகளையும் அதுவே விளக்கும். போன வாரம் ஒத்திகையில், "முதல் பையில என்ன நடக்கும்?" என்று நேபர் மடிக்கணினியில் தட்டினான்.

"நல்லாக் கழுவி, எலுமிச்சை தேய்ச்சு, கொண்டைக்கடலையோட வேகவை" என்றது பசு.

அம்மா குடல் குழம்பு வைக்கும்போது சொன்னதையெல்லாம் அனாயீ பாடத்தோடு சேர்த்துப் பசுவுக்குள் ஏற்றியிருந்தாள். வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. மறுநாளே அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இன்று தேர்வு. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது கேள்விக்குப் பசு சரியாக எழுதிவிட்டது. மிர்த்தா மாத்தே என்ற இலைத் தேநீரை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுக் கடைசிக் கேள்வியைத் தட்டுகிறார்: "கன்னுக்குட்டி குடிக்கிற பால் எந்தப் பைக்குப் போகும்?"

இதை அவள் பசுவுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் செத்த கன்று ஒன்றை அப்பா அறுத்தபோது, நாலாவது பையில் பால் தயிர்போல உறைந்திருந்ததைப் பார்த்தவள். உதடு பிரிகிறது.

"பிப்ரவரிடீ, பிப்ரவரி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்கிறான் நேபர்.

உதடு மூடுகிறது. திரையில் எழுத்து ஓடுகிறது: "அதை எனக்கு யாரும் சொல்லித்தரல. தெரியாது."

மிர்த்தாவின் பேனா 'சரி' போடுகிறது. மேசை ஆடவில்லை. தொடைக்கடியிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது. தோள்வரை வந்து தயங்கி, பிறகு நேராக மேலே உயர்கிறது.