பூதலிங்கத்தின் பொன்முடி பாக்கி

வண்டி கிளம்பும் முன் பூதலிங்கம் ஆட்களை எண்ண மாட்டார். ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கும் நாரங்கா மிட்டாயை எண்ணுவார். ஆரியசாலைக் கடைத்தெருக்காரர்கள் இதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வேனில் ஏறியதும், எத்தனை பயணிகளோ அத்தனை மிட்டாய்களை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு முன்சீட்டில் கொடுப்பார். வழியில் எங்கே நிறுத்தி எடுத்தாலும் இதேதான். ஆளுக்கொன்று எடுக்க, டப்பா பின்சீட்டுவரை போய்த் திரும்பும். காலியாக வந்தால் எல்லோரும் ஏறியாயிற்று. ஒன்று மிஞ்சினால் யாரோ இன்னும் கழிப்பறையில் இருக்கிறார்கள்.

தலையைச் சுட்டி எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது அவர் வீட்டு நம்பிக்கை. அந்த வீட்டில் கோழிக்குஞ்சைக்கூட எண்ண மாட்டார்கள். அதனால் பூனை தூக்கிக்கொண்டு போனதும் தெரியாது.

அவருடைய டிராவல்ஸ் பலகையில் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி உண்டு: ‘இன்றுவரை ஒருவரையும் வழியில் விட்டதில்லை.’ மற்ற ஏஜென்சிக்காரர்களிடம் ஏசி இருந்தது, சாய்கிற சீட் இருந்தது. இவரிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். அது தன் திறமையா, அல்லது இதுவரை யாருக்கும் தொலையத் தோன்றவில்லையா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வைத்தவர் உலகம்மை, மிளகாய்வற்றல் மொத்த வியாபாரி நெல்லையப்பனின் மனைவி.

அன்று பொன்முடிப் பயணம். மலையேறும் முன் கல்லாற்றில் சாயா குடிக்க வேன் நின்றது. ஆற்றில் கால் நனைக்கப் போன உலகம்மை, பாறையில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். இங்கே டப்பா சுற்றியது. காலியாகத் திரும்பி வந்தது. “ரைட், போவட்டு” என்றார் பூதலிங்கம்.

மேலே அன்று வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கடல்வரை தெரிந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். இறங்கும்போதும் டப்பா காலியாகவே திரும்பியது. சாயங்காலம் இறங்கி வந்து மறுபடி கல்லாற்றில் நிறுத்தினால், காலையில் சாயா குடித்த செல்லபாயின் கடை வாசலில் உலகம்மை உட்கார்ந்து ஒரு கூடை வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வெங்காயத்தாலா வேறெதனாலா என்று சொல்ல முடியவில்லை. அவருடைய போன் கைப்பையோடு வேனில்தான் இருந்தது. அந்தப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிய நெல்லையப்பன் இறங்கிச் சோம்பல் முறித்தார்.

“நீ எப்ப எறங்குன?” என்றார்.

அடுத்த மாதம் நுகர்வோர் ஆணையத்திலிருந்து பூதலிங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. சேவைக் குறைபாடு, மன உளைச்சல், பொன்முடியைக் காண முடியாமல் போனது, வெங்காயம் உரித்தது என்று வரிசையாகப் போட்டிருந்தார் உலகம்மை. பூதலிங்கம் நோட்டீஸோடு வாசலுக்கு வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார். நஷ்டஈடு போனால் போகட்டும். பலகையில் அந்தச் சிவப்பு வரி நிற்குமா?

விசாரணை நாளில் வக்கீல் வேண்டாமென்று அவரே போய் நின்றார். ஆணையத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “ஆளை எண்ணி நோக்கியோ?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“எண்ணினேன் மேடம். மிட்டாய எண்ணினேன்.”

“ஆளை?”

“ஆள எண்ணப்பிடாது மேடம். திருஷ்டி.”

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது. தலைவி முகத்தைக் கோப்பில் மறைத்துச் சற்று இருமினார். பிறகு உலகம்மையைக் காட்டி, “அப்போ இவர்க்குள்ள மிட்டாயி ஆரு தின்னு?” என்றார்.

பூதலிங்கம் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து நெல்லையப்பன், சொல்ல வேண்டாமென்று தலையாட்டிக் கெஞ்சினார். அன்று டப்பா வந்தபோதெல்லாம் அவருடைய இரண்டு கன்னமும் புடைத்திருந்தது பூதலிங்கத்துக்கு நினைவு வந்தது. நெல்லையப்பனுக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் உலகம்மை பாயசப் பாத்திரத்தைக் கழுவும்போதுகூட அவரைப் பக்கத்தில் விடுவதில்லை. சொன்னால் அண்ணாச்சி தொலைந்தார். சொல்லாவிட்டால் பலகை தொலைந்தது. நல்லவனாக இருப்பதா, தொழிலைக் காப்பதா என்று யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“அண்ணாச்சிதான் ரெண்டையும் தின்னாரு மேடம்!”

உலகம்மை மெதுவாகத் திரும்பினார். “ஏங்க, சத்தியமா?”

“ஒண்ணு வாயில போட்டேன், இன்னொண்ணு தானா போயிட்டு” என்றார் நெல்லையப்பன்.

“பொண்டாட்டிய காணல்லேன்னு தேட நேரமில்ல. அவ முட்டாயி திங்க நேரமிருந்து, இல்லியா?”

கொஞ்ச நேரம் எதிர்க்கட்சி யார் என்பதே மாறிப்போயிருந்தது. பூதலிங்கம் ஜெயித்துவிட்டதாக நினைத்து வேட்டியைச் சரிசெய்தார். தலைவி மேசையைத் தட்டினார். ஒரு பயணி எத்தனை மிட்டாய் தின்றாலும், எல்லோரும் ஏறியாயிற்றா என்று கண்ணால் பார்க்க வேண்டியது ஏஜென்சியின் வேலை என்றார். ‘தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்று ரசீதின் பின்னால் அச்சடித்துவிட்டால் பொறுப்பு ஓடிப்போகாது என்றார். சமரசம் பேசத் தயாரா என்றும் கேட்டார்.

ஆக, அண்ணாச்சியைக் காட்டிக்கொடுத்ததில் பூதலிங்கத்துக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வெளி வராந்தாவில் அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சமரசத்தில் உலகம்மை பணம் கேட்கவில்லை. “எனக்குப் பொன்முடி காட்டணும். மத்தவங்க கண்ட மாதிரி, கடல் வரைக்கும். கண்டா கேஸ் தீந்துன்னு எழுதித் தாறேன்” என்றார். இவ்வளவுதானா என்று பூதலிங்கம் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டார். சிவப்பு வரியின் மேல் தற்காலிகமாக ஒரு காலண்டரைத் தொங்கவிட்டார். இப்போது ஆட்களைத் தொட்டே எண்ணுகிறார். கண் படாமலிருக்க ஒவ்வொருவருக்கும் ‘தூ’ என்கிறார். முன்சீட்டில் உட்கார இப்போது போட்டியில்லை.

முதல் தடவை உலகம்மையை அழைத்துப் போனபோது மேலே மூடுபனி. அடுத்த தடவை பாறை சரிந்து வழி அடைத்திருந்தது. பிறகு ஒருநாள் கல்லாறுவரை சுள்ளென்று வெயில் அடித்தது. பூதலிங்கம் உற்சாகத்தில் பாட்டுப் போட்டார். மேலே ஏற ஏற ஒரு வெள்ளை வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. உச்சியில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இதா மைனி, கடல் அந்தப் பக்கம்.”

“எந்தப் பக்கம்?”

“இந்த வெள்ளைக்குப் பொறத்த.”

“நான் காணல்ல.”

“எனக்கும் காணல்ல. ஆனா அங்கதான் இருக்கு மைனி, சத்தியமா.”

“இருக்கது எனக்கும் தெரியும் தம்பி. காட்டுவேன்னுதான கையெழுத்து போட்டீரு?”

பூதலிங்கம் கையால் வெள்ளையை விலக்கினார். மூடுபனியைக் குறை சொல்லலாமா, மலையையா என்று பார்த்தார். இரண்டும் ஆணையத்தில் எடுபடாது என்று தோன்றியது. உலகம்மை சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.

“அடுத்த மாசம் வருவோம்” என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை போய் வந்துவிட்டார்கள். பொன்முடி இன்னும் பாக்கி.