தங்கை கூப்பிட்டால் வரும் நாய்

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள். முதலில் தேர்ந்தெடுத்தவள் நான். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, நீளமான கால். மிச்சம் இருந்த, மூக்கில் மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளி உள்ளதை என் தங்கை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துப் போனாள். அங்கே மடவார் வளாகம் பக்கத்தில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. பாவம், நான் கழித்ததைக் கொண்டுபோகிறாள் என்று அன்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போது அதை ஒளிப்பானேன்?

நாலே மாதத்தில் அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. தங்கை போனில் வீடியோ அனுப்ப ஆரம்பித்தாள். 'உட்கார்' என்றால் அவள் நாய் உட்காரும். 'இரு' என்றால் தட்டு நிறையச் சோறு முன்னால் இருந்தாலும் தொடாமல் இருக்கும். தெருமுனையில் நிற்கும்போது கூப்பிட்டால் காது பின்னால் பறக்க ஓடிவரும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. சொன்னதைச் செய்த அந்த நிமிஷமே கொண்டைக்கடலை அளவு வேகவைத்த கோழி ஈரல், கூடவே 'என் தங்கம்' என்று ஒரு வார்த்தை. அவள் வித்தை அவ்வளவுதான்.

நான் ராஜபாளையத்துக்காரி. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஊர் உலகமே நாய் கேட்கிறது. பால்கோவா ஊரில் வாழ்க்கைப்பட்டவள் எனக்கு நாய் வளர்க்கச் சொல்லித்தருகிறாள்! ஒவ்வொரு வீடியோவையும் வயிறெரிய மூன்று தடவை பார்ப்பேன். பதில் போட மாட்டேன். ஒரே ஒரு தடவை போட்டேன்: 'உன் நாய் இளைச்சுப் போச்சு.'

வீட்டு முன்னறையில்தான் என் தையல் கடை. ஜாக்கெட் தைக்க வந்த ஒரு பெண் ஒருநாள், "உங்க தங்கச்சி நாய் கை எல்லாம் குடுக்குதே, உங்க நாய் என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"கடிக்கும்" என்றேன்.

உண்மையில் அது கடிக்கவும் செய்யாது, நான் கூப்பிட்டால் வரவும் செய்யாது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் நாயைக் கண்டால் வாசலோடு நின்றுவிடுவார்கள். அதனால் வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் 'வாடா' என்று கூப்பிட்டு, பிடித்துச் சங்கிலியில் போடுவது என் வழக்கம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். வரவில்லை என்றால் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வருவேன்.

தங்கை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு டப்பா ஈரல் கொண்டுவருவாள். கொல்லையில் நின்று என் நாயைக் கூப்பிடுவாள். ஒரு துண்டு கொடுப்பாள். 'போ, விளையாடு' என்று விட்டுவிடுவாள். செத்த நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவாள். "ஏட்டி, என் நாயக் கெடுக்காத" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு நாயையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். அதன் அழகைப் பார்த்து அந்தத் தெருவே வாயைப் பிளக்கட்டும் என்று ஆசை. இறங்கும்போது கழுத்துப்பட்டை தலைவழியாகக் கழன்றது. நாய் ஒரே பாய்ச்சலாக மெயின் ரோட்டைப் பார்த்து ஓடியது. 'வாடா, வாடா' என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு முன்னைவிட வேகமாக ஓடியது. முனையில் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

தங்கை ஓடவில்லை. வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, தொடையைத் தட்டி, பாட்டு மாதிரி 'வா வா வா' என்றாள். நாய் நின்றது. திரும்பியது. வந்த வேகத்தில் அவள் மடியில் மோதியது. மினிபஸ் எங்களைக் கடந்து போனது.

பிழைத்ததே என்று சாமியைக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு மனசில் ஓடியது வேறு. என் நாய், என் கையால் தின்கிற நாய், அவள் குரலுக்கு வந்துவிட்டதே! பட்டையை மாட்டும்போது அதன் காதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். தங்கை பார்த்துவிட்டாள்.

"நீ கூப்பிட்டா சங்கிலிதானக்கா. அது அதுக்குத் தெரியும். பொறவு எப்படி வரும்?"

"நான் உங்கிட்ட கேட்டனா?"

சாப்பிடும்போது குழம்பில் உப்புத் தூக்கல் என்றேன். அவள் போட்டிருந்த பச்சை ஜாக்கெட் முதுகில் சுருங்குகிறது என்றேன். சுருக்கம் ஒன்றும் இல்லை. அந்த ஊர்க் கடையில் எவனோ தைத்தது. கழுத்து அளவெடுத்து ஒட்டவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ரொம்ப நாளாகவே அவள் துணி என் கடைக்கு வருவதில்லை. கடைசியாக அளவெடுத்தபோது, "எம்புட்டுப் பெருத்துட்ட" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தேன்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் ஈரல் வேகவைத்தேன். கூப்பிடுவது, கொடுப்பது, விட்டுவிடுவது. சங்கிலி போட வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் நானே அதனிடம் நடந்து போனேன். முதல் வாரம் அது கல்லுக்குப் பின்னாலிருந்து கழுத்தை மட்டும் நீட்டியது. துண்டைத் தரையில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன். அடுத்த வாரம் பாதி தூரம் வந்தது. அவளிடம் ஒரே நாளில் வந்திருக்கும் என்று நினைத்து நினைத்து வெந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் கொல்லைக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் நாய் தெருமுனையில் நிற்கிறது. பயந்துகொண்டேதான் 'வாடா' என்றேன். காது பின்னால் பறக்க ஓடிவந்தது. கையில் ஈரல்கூட இல்லை. கழுத்தைத் தடவி 'என் தங்கம்' என்றேன். அழுகை வந்துவிட்டது.

உடனே தங்கைக்குப் போன் போட்டேன். உன் நாயைவிட வேகமா வருதுடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்தான் மனசு ஆறும். மணி அடித்து அடித்து நின்றது. நான் கூப்பிட்டு முதல் தடவையிலேயே அவள் எடுத்ததாக ஞாபகம் இல்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"சொல்லுக்கா. இப்ப நான் என்ன செஞ்சேன்?"

நான் குனிந்து பார்த்தேன். நாய் என் காலடியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றது.

"அந்தப் பச்சை ஜாக்கெட்ட நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது. "உனக்கு அம்சமா இருந்துச்சு. அம்புட்டுதான். போ, வேலையப் பாரு."

அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா," என்றாள், "உடம்புக்கு ஏதும் செய்யுதா?"