இடது கைக்கு மாற்றிய கிடார்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம், பவர் பிரஸ்ஸில் என் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி நசுங்கிப் போயின. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி அது. லாரிக்கு வேண்டிய தகரப் பாகங்களை அடித்துக் கொடுப்போம். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கையிலிருந்த கட்டைப் பார்த்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம் கேட்டேன்.

"இனிமே கிடார் வாசிக்க முடியாதா?"

அவர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வெல்டர். ஆறுதலுக்காகக்கூட ஒன்றை மாற்றிச் சொல்ல அவருக்கு வராது.

"ரெண்டு வெரலுக்கும் மேல் கணு இல்ல. எப்டி வாசிப்ப?" என்றார். பிறகு என் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிடாரில் வலது கை கம்பியை மீட்டும். இடது கை கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுரம் பிடிக்கும். அழுத்துவதற்கு விரல் நுனி வேண்டும்.

எங்கள் வீட்டில் இருந்ததும் கடையில் வாங்கிய கிடார் அல்ல. அது என் பெரியப்பாவுடையது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஒருவர் மட்டும் மிஷன் பள்ளி ஹாஸ்டலில் கிடார் கற்றுக்கொண்டு சென்னையில் சினிமா ரிக்கார்டிங்குக்கு வாசிக்கப் போனார். கிடார் வெளிநாட்டில் செய்தது, இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கினாராம். ஒரு பழைய படப் பாட்டில், பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் கிடார் மட்டும் தனியாக ஒரு சின்ன மெட்டு வாசிக்கும். டீக்கடையில் அது ஒலித்தால் இப்போதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அது இந்தக் கிடார்தான். படத்தின் டைட்டில் எழுத்துகளில் பெரியப்பாவின் பெயர் இருக்காது.

அவருடைய மகனுக்குப் பாட்டில் நாட்டமில்லை. நான்தான் சர்ச் கொயரில் வாசித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வேப்பம்பட்டில் வீடு கட்டிக் குடிபோன பிறகு, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கிடாரைக் கொடுத்துவிட்டார். கிடாரின் கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டின் இடுக்கைத் துடைக்கப் பழைய டூத்பிரஷ் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்கு அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

விபத்துக்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. கம்பெனியில் என்னை பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். ஒரு நாள் காலை ஸ்டவ் பற்றவைக்கும்போது கவனித்தேன். தீக்குச்சியை இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சரியாகத்தான் பிடித்திருந்தன. குச்சியைப் பிடிக்க முடிந்தால் மீட்டுகிற பிளெக்ட்ரத்தையும் பிடிக்கலாம். அப்படியானால் அழுத்துகிற வேலையை வலது கைக்குக் கொடுத்துவிட்டால் என்ன?

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "கையை மாத்திக்கப் போறேன்."

"மொதல்லேர்ந்தா?"

"மொதல்லேர்ந்துதான்."

பொன்னேரியில் ஒரு பழைய கிடாரைக் குறைந்த விலைக்கு வாங்கி, கம்பிகளைத் தலைகீழ் வரிசையில் மாட்டிக்கொண்டேன். முதலில் என் சொந்தக் கைகளே எனக்குக் கட்டுப்படவில்லை. பதினைந்து வருடம் வாசித்தவளுக்கு சுரங்களை ஒன்றாக அழுத்தி ஒரு கார்டு பிடிக்கத் தெரியவில்லை. வலது கை விரல்கள் கொப்பளித்து உரிந்து மறுபடி கொப்பளித்தன. பக்கத்து வீட்டுக்காரம்மா, "இன்னாமா, பூனைய கட்டி வெச்சிக்கினு அடிக்கிறியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சோறு வடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அழுத நாட்கள் உண்டு. உட்காராத நாள் இல்லை. மறு வருடம் ஈஸ்டருக்குள் கொயருக்குப் பின்னால் எளிய பாட்டுகளுக்கு வாசிக்குமளவு கை வந்துவிட்டது.

அப்போதுதான் பெரியப்பாவின் கிடார் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வேறொரு கவலை காத்திருந்தது. கம்பிகளின் அடி முனையைத் தாங்கும் மரக்கட்டையை பிரிட்ஜ் என்பார்கள். அது ஒட்டு விட்டு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கடற்கரைக் காற்றின் ஈரம் பசையை இளக்கியிருந்தது. உடனே எடுத்து ஒட்டாவிட்டால் மேல்பலகையையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பெரம்பூரில் வாத்தியம் பழுதுபார்க்கும் ஒருவர் இருந்தார். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். தட்டிக் கேட்டார். தன்னை அறியாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத்த எங்கம்மா புடிச்ச? பிரிட்ஜ் கழட்டி ஒட்டிக் குடுக்கறேன். அதான வோணும்?"

"கழட்டும்போது இடது கைக்கு மாத்திக் குடுங்க."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு கிடாரைப் பார்த்தார். மாற்றுவதென்றால் கம்பிகளை இடம் மாற்றுவதோடு முடியாது. பிரிட்ஜில் எலும்புப் பட்டை உட்காரும் பள்ளம் சாய்வாக இருக்கிறது. அந்தச் சாய்வு வலது கைக்காரர்களுக்கானது. அதை மரத்தால் அடைத்து, எதிர்ச் சாய்வில் புதிதாக வெட்ட வேண்டும். தலைப்பக்கத்து எலும்பையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

"வெட்டுனா வெட்டுனதுதாம்மா. நாளிக்கு வந்து பழையபடி ஆக்குன்னா நான் எங்க போவேன்? ஊட்ல பேசிக்கினு வா" என்று சொல்லி, கம்பிகளை மட்டும் தளர்த்திக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் பேசியது வேப்பம்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து வந்தால், பெரியப்பாவின் மகன், என் அண்ணன், வாசலில் நின்றிருந்தார். கூடவே சென்னையிலிருந்து ஒருவர். பழைய சினிமாப் பாட்டுகளில் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள் என்று தேடித் தேடிச் சேகரிக்கிறவர். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவர். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கிடாரைத் தொடாமலே வெகுநேரம் பார்த்தார். மேல்பலகையில் பெரியப்பாவின் கை உரசி உரசி வார்னிஷ் போயிருந்த இடத்தைக் காட்டினார்.

"இது எத்தனை ரிக்கார்டிங்கோட தடம் தெரியுமாம்மா? அந்தக் காலத்து ஸ்டுடியோ வாத்தியங்கள்ல முக்காவாசி போயிடுச்சு. உடைச்சாங்க, வித்தாங்க, பெயின்ட் அடிச்சாங்க. இது மட்டும்தான் அவர் வாசிச்ச மாதிரியே இருக்கு. இதை வெட்டாதீங்க. ஒட்டி மட்டும் வச்சிடுங்க."

"வெச்சு?"

"பாதுகாக்கலாம். நாலு பேர் வந்து பாப்பாங்க."

"யாரும் வந்து பாத்ததில்லிங்க சார். நீங்கதான் மொத ஆளு."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனுக்குத்தான் வேற கிடார் இருக்குதே! அதுலயே வாசியேன். அப்பா ஞாபகமா இருக்கறது இது ஒண்ணுதான்."

அந்தக் கேள்வி நியாயமானது. பொன்னேரிக் கிடாரில் வாசிக்க முடிகிறது. இதையும் ஏன் மாற்ற வேண்டும்? இரண்டு மூன்று நாள் பேக்கிங் டேபிளில் அட்டைப்பெட்டி மடித்தபடி அதையே யோசித்தேன். அவர்கள் சொன்னதில் பொய் ஏதுமில்லை. வெட்டிய மரம் ஒட்டாது. நான் செத்த பிறகும் அந்தக் கிடார் இருக்கும். அதற்கு நான் நடுவில் வந்துபோகிற ஆள். ஆனால் பெட்டிக்குள் இருந்த நாட்களில்தானே அது பிய்ந்துபோனது? வாசித்துக்கொண்டிருந்தால் ஒட்டு இளகும்போதே காதில் தெரிந்திருக்கும். இன்னொன்றும் இருந்தது. பெரியப்பாவுக்கு அது நினைவுச்சின்னமாக இருந்ததில்லை. பிழைப்புக்கான கருவி. வெயிலில், மழையில், பஸ் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு அலைந்தார். கம்பி இறுக்கும் ஆணிகளை அவரே ஒரு முறை மாற்றியிருந்தார், வேறு நிறத்தில்.

அடுத்த முறை சேகரிப்பாளர் தனியாக வந்தார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா, அதுக்கு முன்னாடி ஒரு தடவை இதோட சத்தத்தைப் பதிவு பண்ணிக்கறேன். எனக்குத் தெரிஞ்ச கிடாரிஸ்ட் ஒருத்தர் வலது கையில வாசிப்பார்."

ஒத்துக்கொண்டேன். பெரம்பூர்க்காரர் பிரிட்ஜைத் தற்காலிகமாக இறுக்கிக் கட்டித் தந்தார். ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் முன்னறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை மாட்டிப் பதிவு செய்தார்கள். அண்ணனும் வந்திருந்தார். வந்த கிடாரிஸ்ட் இளைஞர், நல்ல கை. எடுத்தவுடனே அந்தப் பாட்டின் தொடக்கத்தை வாசித்தார்.

எப்படிச் சொல்வது? ரேடியோவில் கேட்டது அப்படியே எங்கள் வீட்டு அறைக்குள் ஒலித்தது. அந்தத் தடிமனான அடிக் கம்பியின் சத்தம் தரையில் இறங்கி, உட்கார்ந்திருந்த என் தொடையில் தெரிந்தது. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சேகரிப்பாளர் பதிவுக் கருவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதைத்தாம்மா இழக்கப் போறீங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் அழுததற்குக் காரணம் வேறு. என் வீட்டில், என் கிடாரை, யாரோ ஒருவர் வாசிக்க நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனின் கேள்விக்கான பதில் அப்போது தெரிந்துவிட்டது. என் வாழ்நாள் முழுவதும் இதை அடுத்தவர் கையில் கேட்க என்னால் ஆகாது.

"சார், சத்தத்த எடுத்துக்கினீங்க. போட்டோ எடுத்துக்கோங்க, அளவு எடுத்துக்கோங்க. எல்லாத்தையும் பத்திரமா வெச்சிக்கோங்க. திங்கக்கெழம நான் பெரம்பூர் போறேன்."

அண்ணன் எழுந்து போய்விட்டார். கணவர் அவர் பின்னாலேயே ரயில் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "பேச்சே இல்ல. டிக்கெட் மட்டும் வாங்கிக் குடுத்தேன்" என்றார். "நீ பண்ணு. உனக்கு வோணும்னா பண்ணு."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு பெரம்பூர் போனேன். பழுதுபார்ப்பவர் மறுபடி கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, பழைய பிரிட்ஜை வெட்டவே வேண்டாம் என்று ஒரு வழி சொன்னார். அதைக் கழற்றி அப்படியே வைத்துவிட்டு, அதே அளவில் வேறு கருங்காலிக் கட்டையில் புதியது செய்யலாம். கூடுதல் வேலை, கூடுதல் நாள். ஆகட்டும் என்றேன்.

"அப்டியே சைடுல ஒரு ஓட்டை போட்டு பிக்கப் வெச்சிக் குடுத்துர்ட்டா? சர்ச்ல மைக்கு இல்லாமயே ஸ்பீக்கர்ல கேக்கும். இப்ப அல்லாரும் அதான் பண்றாங்கோ."

"வேணாம்."

"இன்னாமா, அதுக்கு ஒத்துக்கற, இதுக்கு மாட்டன்ற?"

"அது இல்லாம என்னால வாசிக்க முடியாது. இது இல்லாம முடியும். மைக் வெச்சிக்கறேன்."

அந்த நாளிலிருந்து இன்றுவரை அந்தக் கிடாருக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். வார்னிஷ் புதிதாகப் பூசச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். பளபளப்பான ஆணி போடச் சொன்னார்கள், அதற்கும் மாட்டேன்.

கிடார் திரும்பி வர மழைக்காலம் ஆகிவிட்டது. முதலில் மீட்டியபோது எனக்கு ஏமாற்றம்தான். உள்ளே பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள் பழைய வரிசைக்காகவே வைத்தவை. அடிக் கம்பிகள் இப்போது எதிர்ப் பக்கத்தில் இருந்தன. அன்று என் தொடையில் உணர்ந்த அந்தக் கனம் குறைந்திருந்தது. மெல்லிய கம்பிகள் மட்டும் முன்னைவிடத் தெளிவாக ஒலித்தன. சேகரிப்பாளர் சொன்ன இழப்பு நிஜம். அதைத் தெரிந்தேதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சுருதி சேர்த்து வாசிக்க உட்கார்ந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் அதைத்தான் வாசித்தேன். ஒரு பாட்டில் கார்டு மாற்றும்போது தடுமாறி, கொயர் ஒரு வரி முன்னால் போய்விட்டது. ஓடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பெரியம்மா நின்றிருந்தார். பெரியப்பாவின் மனைவி. வேப்பம்பட்டிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருந்தார். அண்ணன் அனுப்பவில்லை என்று அவரே சொன்னார்.

"அவரு வாசிச்சா மாதிரி இல்லடி" என்றார்.

"இல்ல பெரிம்மா."

"அவரு ஊட்ல வாசிச்சதே இல்ல. வேல முடிஞ்சி வந்தா பொட்டியத் தொறக்கவே மாட்டாரு. நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டது இன்னிக்கித்தான்." என் கையைத் திருப்பிப் பார்த்தார். "வலிக்குதா?"

"குளிர்ல மட்டும்."

அண்ணன் ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. அவர் மகளின் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டபோது, கிடாரை எடுத்து வரச் சொல்லவில்லை. நானும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு போனேன். அவர் பின்வரிசையில் நின்று கேட்டார். சாப்பிடும்போது என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

சேகரிப்பாளர் அவ்வப்போது வருவார். பதிவுக் கருவியைக் கொண்டுவந்து, இடது கையில் வாசித்ததையும் பதிவு செய்துகொண்டார். பெரியப்பாவின் மெட்டை வாசிக்கச் சொன்னார். அந்த வேகம் எனக்கு வராது. என் வேகத்தில் வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க செஞ்சது சரின்னு நான் இன்னும் ஒத்துக்கலைம்மா" என்றார்.

"ஒத்துக்க வேணாம் சார். டீ ஆறுது, குடிங்க" என்றேன்.

கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள் தேய ஆரம்பித்துவிட்டன. சில சுரங்கள் இரைகின்றன. தேய்ந்திருப்பதும் சரித்திரம்தான், விட்டுவிடுங்கள் என்பார் அவர். தேய்ந்த இடத்தில் சுரம் சுத்தமாக வராது. அடுத்த வாரம் பெரம்பூருக்கு எடுத்துப்போகப் போகிறேன்.