விளக்குப் பிடித்தவளுக்கு ஒரு ஒன்ஸ்மோர்

நாடகத்தைக் கெடுத்தவர் என்றுதான் ரத்தினபாய் அம்மாளை எங்கள் திருச்சபையில் இன்றும் சொல்கிறார்கள். பொன்விழா நாடகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். வாய் கூசாமல் சொல்கிறார்கள். அன்றைக்குத் தாம்பரத்தில், மேடையில் அரிக்கேன் விளக்கோடு நின்றவள் நான். கெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ரத்தினபாய் அம்மாள் பைபிள் உமனாக இருந்தவர். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசிக்க வேண்டும், காகிதத்தில் அதுதான் வேலை. அவர் பிரசவம் பார்த்தார், சிரங்குக்கு மருந்து போட்டார், பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன்மாரைத் தெருவில் நிறுத்தி மானத்தை வாங்கினார். மாடம்பாக்கத்திலிருந்து திருநீர்மலை அடிவாரம் வரை நாற்பது வருஷம் நடந்த கால்கள் அவருடையவை. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர். எப்படிப் பறிகொடுத்தார் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. துடுக்கு வாய் என்று ஒதுங்கிப் போனோம். அதில் நானும் சேர்த்தி.

1969இல் சபைக்கு ஐம்பது வயது. சபையை ஆரம்பித்த வெள்ளைக்காரத் துரையைப் பற்றிப் பாட்டு நாடகம் போடுவதென்று கமிட்டி முடிவு செய்தது. எழுதியவர் சபையின் செக்ரெட்டரி லாசரஸ் சார், பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். பந்தலும் திரையும் பொன்னுரங்கம் தந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், எங்கள் சபையைச் சேர்ந்தவரல்ல. சின்ன வயதில் காலராவிலிருந்து தன்னைக் காப்பாற்றியது துரைதான் என்று ஊர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். "தொர நாடகத்துக்கு வாடகையா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நாடகத்தில் துரைக்கு ஆறு பாட்டு, துரைசானிக்கு இரண்டு. ஜனங்கள் சிரிக்க வேண்டுமென்று மாட்டுவண்டிக்காரனுக்குக்கூட ஒரு பாட்டு. பைபிள் உமனுக்கு ஒன்றுமில்லை. காலரா காட்சியில் துரை நோயாளிகளுக்கு நடுவே பாடும்போது அவள் விளக்குப் பிடிக்க வேண்டும். அந்த வேஷம் எனக்கு.

எப்படி நிற்பது என்று கேட்க அம்மாள் வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், காட்சியைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"காலரா வந்தப்ப துரை எங்க இருந்தாரு இங்க? வெயிலுக்குக் கொடைக்கானல் போயிருந்தாரு. தண்ணிய காய்ச்சிக் குடிங்கன்னு ஒரு லெட்டர் போட்டாரு. அது வந்து சேர்றதுக்குள்ள பதினோரு பேர் போய்ட்டாங்க, சரோஜினி."

நேரே லாசரஸ் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"பொன்விழா மலர்ல, காலராவில துரை ஜனங்களோடவே இருந்தார்னு அச்சாயிடுச்சும்மா. அதை மாத்த முடியுமா?" என்றார். "சரி, அந்த அம்மா மனசு நோக வேண்டாம். அவங்களுக்கும் ஒரு பாட்டு எழுதிடறேன்."

எழுதியும் கொடுத்தார். "இருளில் கிடந்தேன் துரையே, எனக்கு ஒளியைத் தந்தாய், உன் அடி பணிந்தேன்." அதை அம்மாளுக்கு வாசித்துக் காட்டிய பாவமும் என்னுடையதுதான்.

"நான் எப்ப இருட்டுல கெடந்தேன்? விளக்கே என் கையிலதானே இருந்துது," என்றார். காகிதத்தை நான்காக மடித்து என் கையில் திணித்தார். "இத பாடாத. சும்மா நில்லு. நான் முன்னாடி வந்து உக்கார்றேன்."

அப்படியே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். துரையாக நடித்தவர் தேவானந்தம், மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கிளார்க். முகத்தில் அரை டப்பா பவுடர். காலரா காட்சியில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாலு பேர் பாயில் படுத்திருக்க, உருகி உருகிப் பாடினார். பாட்டு முடிந்ததும் முதல் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ஒன்ஸ்மோர்."

எங்கள் பக்கத்து மேடையில் ஒன்ஸ்மோர் கேட்டால் மறுக்கக் கூடாது. தேவானந்தம் பூரித்துப்போய் முழுப் பாட்டையும் திரும்பப் பாடினார். முடித்ததும் மறுபடி "ஒன்ஸ்மோர்". அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் எழுந்து நின்றார்.

"உனுக்கு இல்ல, தேவானந்தம். விளக்கப் புடிச்சிகினு நிக்குதே, அதுக்கு."

கூட்டம் சிரித்தது.

"நீ உள்ள போப்பா. நீ அப்ப இங்க இல்ல. கொடைக்கானல்ல இருந்த."

தேவானந்தம் பிறந்தபோது பிரசவம் பார்த்ததே அம்மாள்தான். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மட்டும் நின்றேன். பாட்டு இல்லை, வசனம் இல்லை. லாசரஸ் சார் பக்கவாட்டிலிருந்து கையை ஆட்டி என்னையும் உள்ளே வரச் சொன்னார். போவேனா?

"மொத பாயில கீறது கங்கையம்மா. தண்ணி குடு," என்றார் அம்மாள்.

மண்டியிட்டு, பாயருகே இருந்த வெறும் சொம்பை அந்தப் பையன் வாயில் சாய்த்தேன்.

"அவ விடியறதுக்குள்ள போய்ட்டா. ரெண்டாவது, செக்கு ஆட்டுற சுப்பராயலு. தொட யாரும் வரல. நானே கழுவினேன்."

சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஆர்மோனியக்காரர் பெட்டியை மூடினார்.

"மூணாவது வேதசிரோமணி. என் வூட்டுக்காரர். எனக்கு ஒத்தாசையா தண்ணி தூக்கிகினு வந்தவரு."

அம்மாளின் குரல் மாறவே இல்லை. காலரா வந்துபோன பிறகு இதைக் கேட்க எங்களுக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆனது. இதை வைத்துக்கொண்டுதான் வண்டிக்காரனுக்குப் பாட்டு எழுதினார்கள்.

"திரையை இழு, பொன்னுரங்கம். இழுய்யா," என்று லாசரஸ் சார் பல்லைக் கடித்தார். பொன்னுரங்கம் மேடை ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். முதல் பாயிலிருந்து அவர் கண் நகரவில்லை. கங்கையம்மா அவருடைய தாய் பெயர்.

"கடைசியா கீறது மூணு வயசுக் கொழந்தை. போயிடுச்சின்னு சொல்லி ஆத்தாளோட சேத்துக் குழி வெட்டிட்டாங்க. நான் குடுக்கல. ரெண்டு நாள் மடியில போட்டுகினு கஞ்சித் தண்ணிய சொட்டுச் சொட்டா ஊத்தினேன். கண்ண முழிச்சிது. அந்தக் கங்கையம்மா புள்ளதான்." அம்மாள் மேடை ஓரத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

லாசரஸ் சார் ஓடிவந்து கயிற்றுக்குக் கை நீட்டினார். பொன்னுரங்கம் அவர் கையை விலக்கிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவர் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

"ஒன்ஸ்மோர்."