சாந்து மூளையும் கங்காணியின் குரலும்

அடுத்தவனுடைய வலிப்பை நடித்துக் காட்டிச் சோறு தின்னும் தொழில் ஒன்று இருக்கிறது. பதுளைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதைப் பார்ப்பவன் நான். யார் குரலும் என் தொண்டைக்குள் வந்துவிடும். கணக்குப்பிள்ளையின் இருமல், துரையின் அதட்டல், துரை பங்களா நாயின் குரைப்பு, எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் கால் கடுக்க நின்று, கடைசியில் தண்ணீர் மருந்தோடு வீடு திரும்பிய அன்பர்களே, உங்களுக்காக வயிறு குலுங்கும் கதை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு ஆள் அடியோடு ஏமாந்த கதை. உடனே சொல்ல மாட்டேன். இங்கேயும் கொஞ்சம் வரிசையில் நில்லுங்கள்.

கழற்றி மாட்டும் மூளை

எங்கள் டாக்டரய்யா கொழும்பிலிருந்து சாந்தினால் செய்த மூளை ஒன்றை வரவழைத்தார். வைக்கோலுக்குள் முட்டை மாதிரி பொதிந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. துண்டு துண்டாகக் கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். கைகாலை ஆட்டும் இடம் சிவப்பு, பார்க்கும் இடம் பச்சை, பேசும் இடம் மஞ்சள். நோய் எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்துவிட்டால் சனங்கள் கோடாங்கியிடம் ஓடமாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

முதலில் பார்த்தவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ராமசாமி அண்ணன். அவர் தம்பிக்கு அடிக்கடி வலிப்பு வரும். டாக்டரய்யா ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, தொண்டை வறள விளக்கி, "வெளங்கிச்சா?" என்றார். அண்ணன் பயபக்தியோடு தலையாட்டினார். "நல்லா வெளங்கிச்சுங்க. கெட்ட கெளை எதுன்னு காட்டுங்க, அத மட்டும் கவ்வாத்துப் பண்ணிட்டா மத்தது துளிர்த்துரும்."

இடம் கிடைத்தது

வலிப்பு டாக்டரைக் கண்டால் வராது. லயத்து வீட்டில் வரும், மலையில் கொழுந்து எடுக்கும்போது வரும். ஆஸ்பத்திரிப் படியேறினால் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் எனக்கு வேலை. வீட்டு மனிதர் சொல்லச் சொல்ல நான் துடித்துக் காட்டவேண்டும். துடிப்பு எங்கே தொடங்குகிறதோ அதை வைத்து டாக்டரய்யா சாந்து மூளையில் இடம் தேடுவார்.

ஒரு தாய் தன் மகளுக்காக வந்தாள். நான் தரையில் விழுந்து வலது கையை உதறினேன். "அது இல்ல தம்பி, இடது கட்டைவிரலு. அப்புறம் கை. அப்புறந்தான் வாய் கோணும்." அப்படியே செய்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு அச்சாக இருந்திருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டரய்யா வலது பக்கச் சிவப்பில் விரலை வைத்து, "இங்கதான்!" என்று கூவினார். பிறகு அலமாரியைத் திறந்து, எல்லாருக்கும் கொடுக்கிற அதே உப்பு மருந்தை எடுத்துக் கொடுத்தார். அவள் போத்தலையும் மூளையையும் மாறிமாறிப் பார்த்தாள். "இந்தத் தண்ணிக்கா ஐயா அம்புட்டு நேரம் எடம் தேடுனீங்க?"

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வருகிறது, வருகிறது.

மறைப்புக்குப் பின்னால்

மூக்கன் கங்காணிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கை, வலது கால், கூடவே பேச்சு. மஞ்சள் துண்டைக் கழற்றிக் காட்டி, "இது செத்துப்போச்சு. நாம பேசுறது அவருக்கு வெளங்கும், பதில்தான் வராது" என்றார் டாக்டரய்யா. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "போச்சு." கஞ்சி வேண்டுமா என்றாலும் போச்சு, வலிக்கிறதா என்றாலும் போச்சு. விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடுவதுதான் கங்காணியின் பிழைப்பு. குரல் திரும்பாவிட்டால் துரை பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவார். அவர் மனைவி மீனாச்சியம்மா கட்டிலடியிலேயே கிடந்தாள்.

மூக்கன் கங்காணியின் குரல் எனக்குத் தேன் மாதிரி வரும். ஒருநாள் அவள் வராந்தாவில் துணி பிழியும்போது, கட்டிலுக்குப் பக்கத்துத் துணி மறைப்பின் பின்னால் நின்று, "ஏய் மீனாச்சி! தண்ணி கொண்டா!" என்று அதட்டினேன். துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஐயா, பேசிட்டாரு!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு உருண்டேன். பிறகென்ன, சமயம் கிடைத்தபோதெல்லாம் கூப்பிட்டேன். டாக்டரய்யாவும் வராந்தாவில் மறைவாக நின்று காதால் கேட்டார். மஞ்சளை இழந்தவன் எப்படிப் பேசுகிறான் என்று மூளையைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். துரையிடம் போய்த் தவணையும் வாங்கி வந்தார்.

தவணை முடிந்தது. பெரட்டுக் களத்தில் நின்று கூப்பிட்டுக் காட்டட்டும் என்றார் துரை. களத்தில் மறைப்பு ஏது? இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கங்காணி எல்லார் முன்னாலும் வாயைத் திறந்தார். "போச்சு" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கொழுந்துக் கூடையோடு நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்துச்சீட்டு அன்றே கிடைத்தது.

லுணுகலைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வண்டி வந்து நின்றது. அவரை ஏற்றிவிட்டு, மீனாச்சியம்மா மறைப்பை விலக்கி நேரே என்னிடம் வந்தாள். முகத்தில் கோபமில்லை.

"தம்பி, எங்க வீட்டு மனுஷன் கல்யாணமான நாள்லேருந்து 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு, ஒரு நாளும் பேரச் சொன்னதில்ல. மொத நாளே நீதான்னு தெரியும். ஐயா நம்புனா தொர தவணை குடுப்பாரு, அதுக்குள்ள நெசமாவே பேசிருவாருன்னு பாத்தேன்."

பேச்சுக்கு ஒரு நிறம், பார்வைக்கு ஒரு நிறம் என்று பூசியவர்கள், தான்தான் ஏமாந்தவன் என்று ஒருவனுக்கு உறைக்கிற இடத்துக்கு மட்டும் அந்தச் சாந்து மூளையில் சாயம் பூச மறந்துவிட்டார்கள்.